வாயே ரெபோ: ஓரிரவு தங்கிவர ஒரு வழிகாட்டி

ஃபுளோரஸ் தீவில் உள்ள வாயே ரெபோவுக்கு ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்று லாபுவான் பாஜோ நகரில் கார் பிடித்துக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். போக ஐந்தாறு மணி நேரம் கார், பிறகு இரண்டு மூன்று மணி நேரம் ஏற்றம், இறங்க இரண்டு மணி, திரும்பவும் அதே ஐந்தாறு மணி. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினாலும் ஊருக்குள் கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அதுவும் மதிய வெயிலில், கூம்பு வீடுகளின் முன் படம் எடுத்துக்கொள்ளவே சரியாக இருக்கும். இந்த ஊருக்குப் போவதென்றால் ஓரிரவு தங்கியாக வேண்டும். அதற்கான கணக்குதான் கீழே இருப்பது.

முதலில் இடம். இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்கரா மாகாணத்தில் மங்கராய் மாவட்டம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் காட்டு மலை சூழ்ந்த ஒரு கிண்ணம். அதன் நடுவில் ஏழே ஏழு வீடுகள். ம்பாரு நியாங் என்பது அவற்றின் பெயர். கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் போர் என்றே தோன்றும். மோட்டார் சாலை ஊர் வரை கிடையாது.

எப்போது போவது

மே முதல் செப்டம்பர் வரை. ஜூன், ஜூலையில் போனால் ஊர் முற்றத்தில் பாய் விரித்துக் காப்பிக் கொட்டை காயப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த மாதங்களில் இரவுக் குளிர் கடுமை. கொடைக்கானல் டிசம்பரை நினைத்துக்கொண்டு துணி எடுத்து வையுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. பாதை சேறாகும், அட்டை கூடும், கீழே வரும் சாலையிலேயே மண் சரியும். நவம்பர் நடுவில் பெந்தி என்ற நன்றித் திருவிழா நடக்கும். சாட்டையும் கேடயமும் ஏந்தி இருவர் மோதும் சாச்சி ஆட்டத்தை அப்போது பார்க்கலாம். மழை தொடங்கும் காலம் என்பதையும் படுக்க இடம் நெருக்கடியாக இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கீழூர் வரை

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தோனேசியாவில் இறங்கியதும் 500,000 ரூப்பியா கட்டி 30 நாள் விசா எடுத்துக்கொள்ளலாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு அந்தச் செலவும் இல்லை. பாலியிலிருந்து லாபுவான் பாஜோவுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அங்கிருந்து லெம்போர் வழியாகக் கிழக்கே போய், பேலா என்ற கூட்டுச்சாலையில் தெற்கே திரும்பி, தோடோ, டிந்தோர் தாண்டி டெங்கே. டெங்கேதான் கீழூர். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு சாலை குறுகல், குழிகள், கொண்டை ஊசி வளைவுகள். வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிறு புரட்டுபவர்கள் மாத்திரையைப் பேலாவுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

காருக்குச் செலவழிக்க மனமில்லை என்றால் ருத்தெங் நகரிலிருந்து ஓட்டோ காயு உண்டு. சொல்லுக்கு மர வண்டி என்று பொருள்; லாரியின் பின்பக்கம் பலகை இருக்கை அடித்துக் கூரை போட்டது. ஆள், அரிசி மூட்டை, கோழி எல்லாம் ஒன்றாகப் போகும். காலையில் சந்தை முடிந்து ஆள் நிறைந்ததும் கிளம்பும், அதற்கு மணி பார்த்துப் பயனில்லை. சிக்கல் திரும்பும்போதுதான். டெங்கேயிலிருந்து அது விடியற்காலையில் புறப்பட்டுவிடும். மலையில் தங்கிவிட்டுப் பத்து மணிக்கு இறங்குபவருக்கு அது கிடைக்காது. ஒன்று இன்னொரு இரவு டெங்கேயில் தங்க வேண்டும். இல்லையேல் ஓஜெக் எனப்படும் வாடகை பைக்கில் பேலா வரை போய் அங்கே பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்த வேண்டும்.

பணத்தை லாபுவான் பாஜோவிலோ ருத்தெங்கிலோ எடுத்துக்கொண்டு வாருங்கள். மலையில் கார்டு செல்லாது. தங்கல், சாப்பாடு, வழிகாட்டி, ஓஜெக், காணிக்கை, கொஞ்சம் காப்பித்தூள் எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்து லட்சம் ரூப்பியா ரொக்கமாக இருக்கட்டும். லட்சம் என்றதும் பதற வேண்டாம், நம் ரூபாயில் சில ஆயிரங்கள்தான். இரவு தங்கலுக்கு 325,000 ரூப்பியா வாங்கிய காலம் உண்டு, அவ்வப்போது ஏற்றுவார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் அடக்கம். சில்லறையாக 20,000, 50,000 நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்; மலை மேல் யாரிடமும் மாற்ற முடியாது.

ஏற்றம்

டெங்கேயை மதியம் பன்னிரண்டுக்குள் அடைந்துவிட வேண்டும். இந்தப் பயணத்தில் தவறக்கூடாத நேரம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் சாலை மேலே போகிறது. அந்தத் தூரத்தை ஓஜெக்கில் கடந்து வாயே லொம்பா ஓடையில் இறங்குங்கள். நடந்து போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாகும், பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஓடைதான் முதல் நிலை. அங்கிருந்து உண்மையான நடை.

முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலையான போச்சோ ரோகோ வரை செங்குத்து. மூச்சு வாங்குவதெல்லாம் இங்கேதான். வேகமாக ஏறிக் களைத்துப்போவதைவிட, பேசிக்கொண்டே ஏறுகிற வேகத்தில் போங்கள். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். போச்சோ ரோகோவில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிடுங்கள், ஊரில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அதன் பிறகு பாதை மலைமுகட்டை ஒட்டிச் செல்கிறது. ஒரு பக்கம் பள்ளம், தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. மழை பெய்திருந்தால் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நடங்கள். கடைசிப் பகுதி இறக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே.

ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். அடியில் ஆழமான வரி உள்ள காலணி வேண்டும்; தேய்ந்த ஓட்டக் காலணி ஏறும்போது ஒன்றும் செய்யாது, மறுநாள் இறங்கும்போதுதான் வழுக்கிவிடும். முழங்கால் போவதும் இறக்கத்தில்தான், கைத்தடி உதவும். அட்டைக்கு நீள காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, துணியில் முடிந்த உப்பை ஒரு முறை நனைத்து காலுறை மேல் தேய்த்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். மெல்லிய மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். மின்சாரம் மாலை இருட்டியதும் சில மணி நேரம் மட்டுமே, அதை நம்பி கேமரா பேட்டரியைக் காலியாக்க வேண்டாம்.

சுமை அதிகமென்றால் டெங்கேயில் ஆள் கிடைக்கும். இந்தோனேசிய மொழியில் ‘குலி’ என்ற சொல் உண்டு, நம் கூலியின் உறவுதான். ஆனால் மனிதரைப் பார்த்து அப்படி அழைத்தால் முகம் சுருங்கும். ‘போர்ட்டர்’ என்றே சொல்லுங்கள். வழிகாட்டி பாதைக்காக மட்டுமல்ல. அடுத்து வரும் சடங்கில் உங்களுக்காகப் பேச மங்கராய் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஊருக்குள் நுழையும் முறை

ஊர் கண்ணில் படும் திருப்பத்தில் ஒரு சிறு மூங்கில் குடில் நிற்கிறது. அதில் தொங்கும் மூங்கிலைத் தட்டுவார்கள். விருந்தாளி வருகிறார் என்று கீழே உள்ளவர்களுக்குச் சேதி. தட்டாமல் இறங்குவது, கதவைத் தட்டாமல் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம்.

அங்கிருந்து நேரே பெரிய வீட்டுக்கு, நியாங் கெண்டாங்குக்கு. கெண்டாங் என்றால் மேளம். குலத்தின் மேளங்கள் அங்கேதான் தொங்குகின்றன. செருப்பைக் கழற்றி, குனிந்து, பாயில் கால் மடக்கி உட்காருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையில் வந்திருந்தால் ஒரு வேட்டியோ லுங்கியோ சுற்றிக்கொண்டால் போதும். வழிகாட்டி குழுவின் காணிக்கையைப் பெரியவரிடம் கொடுப்பார். குழுவுக்கு 50,000 ரூப்பியா என்பது வழக்கம். பெரியவர் தாழ்ந்த குரலில் முன்னோரிடம் பேசுவார்: வந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள், தங்கியிருக்கும் வரையிலும் ஊர் போய்ச் சேரும் வரையிலும் காத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இது முடியும் வரை எங்கேயும் படம் எடுக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். மேட்டிலிருந்து ஊரைக் கண்ட வேகத்தில் ட்ரோனை எடுத்துவிடுவார்கள்.

முற்றத்தின் நடுவில் வட்டமாகக் கல் அடுக்கிய மேடை, சொம்பாங். அது பலிபீடம், உட்காரும் திண்ணை அல்ல. ஏறாதீர்கள். கணவன் மனைவியானாலும் முற்றத்தில் தோளில் கை போடுவதை ஊர் விரும்பாது. நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு மிட்டாயோ காசோ நீட்ட வேண்டாம், பழகிவிட்டால் அடுத்து வருபவர் பையைப் பிடித்து இழுப்பார்கள்.

வீடும் இரவும்

படுக்கை விருந்தாளிகளுக்கான நியாங்கில், எல்லோரும் ஒரே தளத்தில். சுவரை ஒட்டி வட்டமாகப் பாய்கள், தலையணை, கம்பளி. தனி அறை கிடையாது. குறட்டைக்குப் பயப்படுபவர்கள் காதடைப்பான் கொண்டுபோகலாம். கழிப்பறை வெளியே தனிக் கட்டடம். தண்ணீர் ஐஸ் மாதிரி.

வீட்டை உள்ளிருந்து நிதானமாகப் பாருங்கள். சுமார் 15 மீட்டர் உயரம், ஆணி ஒன்றுகூட இல்லை; மரமும் மூங்கிலும் பிரம்பால் இழுத்துக் கட்டியவை. ஐந்து தளங்கள். கீழே லூத்தூர், ஆட்கள் வாழும் இடம். அதற்கு மேல் லோபோ, தானியமும் தட்டுமுட்டும். மூன்றாவது லெந்தார், அடுத்த விதைப்புக்கான விதை. நான்காவது லெம்பா ராயே, விளைச்சல் பொய்த்தால் எடுத்துச் சாப்பிட. உச்சியில் ஹெகாங் கோடே, முன்னோருக்குப் படையல். பசிக்குத் தூரமானது எதுவோ அது மேலே போகிறது. பெரிய வீட்டில் எட்டுக் குடும்பங்கள், மற்றவற்றில் ஆறாறு. குடும்பங்கள் வசிக்கும் வீடுகளில் அடுப்பு நடுவில் எரியும், புகைபோக்கி இல்லை. புகை கூரை வழியே கசிந்துதான் வெளியேற வேண்டும். புல்லும் பனைநாரும் பூச்சி அரிக்காமல் இருப்பது அந்தப் புகையால்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே உட்கார்ந்து கதை பேசுவதைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

2008இல் ஜகார்த்தாவின் கட்டடக் கலைஞர் யோரி அந்தார் குழுவோடு வந்தபோது ஏழில் நான்கு வீடுகளே மிஞ்சியிருந்தன. மற்றவற்றை ஊராரே பழைய முறையில் கட்டி எழுப்பினார்கள், வெளியிலிருந்து வந்தது பண உதவி. 2012இல் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்புக்கான யுனெஸ்கோவின் உயர் விருது கிடைத்தது. கூட்டம் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சாப்பாடு சோறு, கீரை அல்லது சௌசௌ, முட்டையோ கோழியோ, காரமான சம்பால். மங்கராய்க்காரர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர், பன்றி வழக்கமான இறைச்சி. சைவம் என்றால் ‘சைவம்’ என்ற பொருளில் எதையாவது சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். ‘திடாக் மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் சாப்பிடுவதில்லை. டெங்கேயில் இருக்கும்போதே வழிகாட்டியிடம் சொன்னால்தான் பலன். பருப்புப்பொடி ஒரு டப்பா கொண்டுபோனால் கவலை இல்லை. காப்பி கேட்காமலே வரும், சர்க்கரை தூக்கலாக. வேண்டாமென்றால் ‘கோப்பி பாஹிட்’.

பொழுது விடிவதற்கு முன் எழுந்து, ஊருக்கு மேலே உள்ள சரிவில் ஏறுங்கள். ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் வரும்போது கூரைகளிலிருந்து அடுப்புப் புகை எழும். ஒரே நாளில் போய் வருபவர்களுக்குக் கிடைக்காதது இந்த ஒரு மணி நேரம். வாங்குவதானால் காப்பிப் பொடியும், பெண்கள் தறியில் நெய்த துணியும். துணிக்குப் பேரம் பேச வேண்டாம், ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகிறது.

திரும்பும் வழியில்

எட்டு மணிக்குள் இறங்கத் தொடங்கினால் பத்தரைக்குக் கார். தோடோவில் பழைய மங்கராய் அரசின் தலைமை வீடு இருக்கிறது, அரை மணி நேரம் போதும். நேரத்தைச் சேமித்து சன்சார் என்ற ஊருக்குக் கொடுங்கள். பேலாவில் ஏறி ருத்தெங் பக்கம் திரும்பினால் வழியிலேயே வரும்.

சன்சாரின் வயல்கள் சிலந்தி வலை வடிவம். லிங்கோ என்று பெயர். நடுவில் லோடோக் என்ற புள்ளி. அங்கிருந்து ஆரமாகக் கோடு பிரித்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. அளவு மோசோ, அதாவது விரல். மையத்தில் ஒருவருக்கு ஒரு விரல், இன்னொருவருக்கு இரண்டு விரல் என்று நிலத் தலைவர் கை வைத்து அளக்கிறார். ஓரத்துக்குப் போகப் போக அந்த ஒரு விரல் வித்தியாசம் பெரிய வயலாக விரிந்துவிடும். கீழே நின்றால் ஒன்றும் புரியாது, எதிர்க் குன்றில் ஏற வேண்டும். ஏறச் சிறு கட்டணம் வாங்குவார்கள். முந்தின இரவு படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த கூரைச் சட்டத்தின் அமைப்பும் இதுவேதான். ‘கெண்டாங் ஓனே, லிங்கோ பெஅங்’ என்பது மங்கராய்ப் பழமொழி: உள்ளே மேள வீடு, வெளியே வட்ட வயல். ஒன்றில்லாமல் மற்றதில்லை. நீர் கட்டியிருக்கும் நாட்களில் கோடுகள் தெளிவாகத் தெரியும். அறுவடை முடிந்த காய்ந்த வயலென்றால் ஏமாற்றம்தான். மாலை நாலரை மணிச் சாய்வெயில் நல்லது.

அதன் பிறகு லாபுவான் பாஜோவுக்கு மூன்றரை, நான்கு மணி நேரம், முழுக்க வளைவு, மாலையில் பனிமூட்டம். இருட்டில் ஓட்ட வேண்டாம். கிழக்கே அரை மணி நேரத்தில் ருத்தெங். அங்கே தங்கி, மறுநாள் காலை லியாங் புவா குகைக்குப் போய் வாருங்கள். நகரிலிருந்து வடக்கே சுமார் 14 கிலோமீட்டர். ஒரு மீட்டர் உயரமே இருந்த ஃபுளோரஸ் மனிதரின் எலும்புக்கூடு 2003இல் கிடைத்தது அங்கேதான்.