பெயரில்லாத பாட்டு ஃபைல்கள்: அவசரப்பட்டுப் பெயர் மாற்றாதீர்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் ‘ட்ராக் 01’, ‘ட்ராக் 02’ என்று வரிசையாக நிற்கும். பார்த்ததும் கை துறுதுறுக்கும், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிப் பெயர் மாற்றத் தொடங்கிவிடுவோம். முதல் தவறே அதுதான். ‘ட்ராக் 03’ என்பது வெறும் குப்பை இல்லை, ஏதோ ஒரு சிடியில் அது மூன்றாவது பாட்டு என்று சொல்கிறது. அதே ஃபோல்டரில் ஆறு ஃபைல் இருந்தால் மற்ற ஐந்தும் பெரும்பாலும் அதே சிடியாகத்தான் இருக்கும். ஆறில் இரண்டைக் கண்டுபிடித்தால் படம் தெரிந்துவிடும், மீதியைப் பாட்டு வரிசையையும் நேரத்தையும் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். கலைத்துவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டியதுதான். அதனால் முதலில் ஃபோல்டரோடு ஒரு காப்பி எடுத்து வையுங்கள், பழைய பெயரையும் டேகில், அதாவது பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரங்களை ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் இடத்தில், கமென்ட் பகுதியில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், ஃபைல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. பெரும்பாலான பிளேயர்கள் காட்டுவது உள்ளே இருக்கும் டேகைத்தான். டவுன்லோடு செய்த தளத்தின் பெயரே பாடகர் பெயராக அங்கே உட்கார்ந்திருக்கும். எம்பி3டேக் மாதிரி ஒரு மென்பொருளில் இரண்டையும் சேர்த்தே சரிசெய்யுங்கள்.

மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் என்ற மென்பொருளில் ‘ஸ்கேன்’ கொடுத்தால் பெயரே இல்லாவிட்டாலும் ஒலியை வைத்துத் தேடும். நல்ல கருவி, ஆனால் அது காட்டும் முதல் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு சேமிக்காதீர்கள். ‘மை நேம் இஸ் பில்லா’ என்று வந்தால் எந்த பில்லா? 1980 படத்துக்கு இசை எம்.எஸ்.விஸ்வநாதன், 2007 படத்துக்கு யுவன் சங்கர் ராஜா, பாட்டு இரண்டிலும் உண்டு. பத்து விநாடி கேட்டாலே தெரிந்துவிடும், அந்தப் பத்து விநாடியைத்தான் பலர் செலவழிப்பதில்லை. ஆல்பம் பெயரோடு வருடத்தையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் பிறகும் வராது. கச்சேரிப் பதிவுகளுக்கும், முன்னால் அறிவிப்பாளர் பேசும் ரேடியோ பதிவுகளுக்கும் இந்தக் கருவியை நம்பவே வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவரிடம் போட்டுக் காட்டுவதுதான் வழி. ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடியிருப்பார்கள் என்பதால் பாடியவர், ராகம் இரண்டையும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஊகம்தான் என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை டேகில் போடுங்கள், ஃபைல் பெயரில் விண்டோஸ் அதை ஏற்காது.

தமிழில் டேக் எழுதுகிறவர்கள் எம்பி3 டேக் முறையான ஐடி3-இன் முதல் பதிப்பை நம்பக் கூடாது. அதில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட். எழுத்துகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுனிகோடு யுடிஎஃப்-8-இல் க, ம போன்ற ஒரு எழுத்துக்கே 3 பைட் போய்விடும், கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. பாட்டின் முதல் வரி பாதியிலேயே வெட்டுப்படும். ஐடி3-இன் 2.3 பதிப்பில் யுடிஎஃப்-16 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அநேகமாக எல்லாப் பிளேயரிலும் ஒழுங்காக வரும். பழைய காரில் இன்னும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், காருக்குப் போகும் பென்டிரைவில் மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.