ரெக்கார்டு பிளேயர் முள்: துடைப்பது முதல் கார்ட்ரிட்ஜ் மாற்றுவது வரை

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஒரு காலத்தில் மைக் செட் வைத்துத் தொழில் செய்த வீடுகளில் இன்னும் பரண் மேல் இசைத்தட்டுகள் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் பாரதக் கூத்து நடக்கும் நாட்களுக்கும் கூம்பு ஸ்பீக்கரில் ஓடிய தட்டுகள். இப்போது பேரப்பிள்ளைகள் அவற்றை இறக்கி, புது பிளேயர் வாங்கிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பிளேயரைத் தேடித் தேடி வாங்குகிற பலர் முள்ளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிளேயர் கெட்டால் வேறு வாங்கலாம். தேய்ந்த முள் தட்டின் பள்ளத்தைச் சுரண்டிவிட்டால் அந்தத் தட்டு போனது போனதுதான். கல்கத்தா டம்டம் ஆலையில் அன்று அச்சான பதிப்பு இனி வராது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் தட்டைக் காப்பாற்றுவதற்குத்தான், சத்தம் நன்றாக வருவது அதோடு சேர்ந்து வரும் லாபம்.

பிளேயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகுவது, 33, 45 வேகம் மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களிடம் இருப்பது எது?

சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் அதில் இருப்பது இரும்பு முள். ஒரு பக்கம் ஓடியதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு முள் போட வேண்டும். அதில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டைத் (78 தட்டு) தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். 33 வேகத்தில் ஓடும் வினைல் தட்டான எல்.பி.யை அதில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் பாழாகிவிடும்.

ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி பழைய பெட்டி பிளேயர்களிலும், இன்று விற்கும் சூட்கேஸ் பிளேயர்களிலும் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும் (கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பெட்டி). கார்ட்ரிட்ஜைத் தட்டின் மேல் தாங்கி நிற்கும் கையின் பின்னால், அழுத்தத்தைச் சரிசெய்யும் எடைக்கல் இருக்காது. முள் ஏறக்குறைய 5 கிராம் அழுத்தத்தில் ஓடும். இவற்றில் முள்ளை மட்டும் மாற்றலாம், காந்தக் கார்ட்ரிட்ஜ் பொருத்த நினைக்க வேண்டாம். அந்தக் கையும் அதற்கு ஒத்துவராது, உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒத்துவராது. பழைய பெட்டிகளில் முள்ளைத் திருப்பிப் போடும் சின்ன நெம்பி இருந்தால் ஒரு பக்கம் எல்.பி.க்கு, மறுபக்கம் 78-க்கு. எல்.பி. முள்ளின் உருண்டை நுனியின் ஆரம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 0.7 பங்கு, 78 முள்ளுடையது 3 பங்கு. மாற்றி வைத்தால் ஒன்று பள்ளத்தின் அடியில் உராயும், இன்னொன்று பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே சுரண்டும்.

ஆடியோ-டெக்னிகா எல்.பி.60எக்ஸ் போன்ற பிளேயர்களில் இருப்பது காந்தக் கார்ட்ரிட்ஜ்தான், ஆனால் கையோடு சேர்ந்தது. முள் மட்டும் கழலும்.

எடைக்கல்லும் கழற்றக்கூடிய ஹெட்ஷெல்லும் (கையின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் தலைப்பகுதி) இருக்கிற பிளேயர் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்கானது.

துடைப்பது

எங்கள் ஊர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகள் அதிகம். அந்தத் தூசி வினைலை விடக் கடினமானது. முள்ளோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க ஓடினால் பள்ளத்தின் சுவரை அரைத்துவிடும். மாசி, பங்குனி வறட்சியில் தட்டில் நிலைமின்சாரம் வேறு சேர்ந்து தூசியை இழுக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் போடுவதற்கு முன் தட்டைக் கார்பன் நார் பிரஷ்ஷாலும், முள்ளைச் சின்ன பிரஷ்ஷாலும் துடைத்துவிடுங்கள்.

முள்ளைப் பின்னாலிருந்து முன்னால் மட்டுமே துடைக்க வேண்டும், அதாவது கையின் அடிப்பக்கத்திலிருந்து உங்களை நோக்கி. பக்கவாட்டில் ஒருபோதும் கூடாது. முள்ளைத் தாங்கும் கம்பி தலைமுடி மாதிரி மெல்லியது, பக்கவாட்டில் தள்ளினால் வளைந்துவிடும். விரல், சட்டை நுனி, முந்தானை எதுவும் வேண்டாம். துணி நூலில் சிக்கி உடைந்த முள்தான் நான் அதிகம் பார்த்தது. வாயால் ஊதினால் எச்சில் பட்டு இன்னும் ஒட்டும்.

திரவ கிளீனர்களை விட எனக்கு மெலமைன் ஸ்பாஞ்ச்தான் பிடிக்கும், கடையில் மேஜிக் ஸ்பாஞ்ச் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு சிறு துண்டு வெட்டி, மோட்டாரை நிறுத்திவிட்டு, தட்டு சுற்றும் மேடையில் வையுங்கள். லீவரால் கையை நேராக இறக்கி, முள் அதில் பட்டதும் நேராகத் தூக்குங்கள். இழுக்கக் கூடாது. ஸ்பாஞ்சில் கரும்புள்ளி விழுவதைப் பார்த்தாலே எவ்வளவு அழுக்கு இருந்தது என்று தெரியும்.

ஓர் எச்சரிக்கை: 78 தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் கரைந்துவிடும்.

எப்போது மாற்றுவது?

ஆடியோ-டெக்னிகா தன் முள்களுக்குச் சொல்லும் ஆயுள் இப்படி: உருண்டை நுனிக்கு 500 மணி நேரம், நீள்வட்ட நுனிக்கு 300, மைக்ரோலைன் எனும் மிக நுண்ணிய வெட்டு நுனிக்கு 1000. ஓர் எல்.பி.யின் இரண்டு பக்கமும் 40 நிமிடம் என்று வைத்தால் 300 மணி என்பது 450 எல்.பி. தினம் ஒன்று போடுகிறவருக்கு ஒன்றேகால் வருஷம்கூட வராது. பிளேயர் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக் கோடு போட்டு வாருங்கள்.

பழைய பிளேயரோடு வந்த முள் எத்தனை மணி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. விற்றவர் "புதுசு மாதிரிதான்" என்றாலும் நம்பாமல் மாற்றிவிடுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய முடியாது. தேய்ந்த நுனியில் விழும் தட்டைப் பகுதி தெரிய 200 மடங்கு பெரிதாக்கும் மைக்ராஸ்கோப் வேண்டும். காது சீக்கிரம் சொல்லிவிடும்: பாடகர் "ச", "ஸ" சொல்லும்போது சீறல் கூடும், தட்டின் கடைசிப் பாட்டில் சத்தம் கரகரக்கும். நான் சோதிப்பது நாதஸ்வரத்தில். தட்டின் உள்பக்கம், லேபிளை ஒட்டி வரும் மேல்ஸ்தாயியில் பிசிறு விழுந்தால் ஒன்று முள் தேய்ந்திருக்கும், அல்லது பொருத்தியது கோணலாக இருக்கும்.

முள்ளை மட்டும் மாற்றுவது சுலபம். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.3600 வகைக் கார்ட்ரிட்ஜில் முள்ளின் முன்பகுதியைக் கீழே அழுத்திக் கழற்ற வேண்டும். அதே கம்பெனியின் வி.எம்.95, ஆர்டோஃபோன் கம்பெனியின் 2எம் வகைகளில் அதனதன் தாளில் சொல்லியிருக்கிறபடி கழற்றுங்கள்.

கார்ட்ரிட்ஜ் மாற்றுவது

முள்ளைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். நான்கு வயர்கள்: வெள்ளை இடது, நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது, பச்சை வலது கிரவுண்ட். கார்ட்ரிட்ஜ் பின்னால் பின்களின் பக்கத்தில் குறி இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், நுனியில் இருக்கும் உலோகக் குழலைச் சாமணத்தால் பிடித்து இழுங்கள். குழல் தளர்ந்திருந்தால் உள்ளே பல்குச்சியை விட்டு, வெளியிலிருந்து மெதுவாக அழுத்தினால் இறுகும். பின்னில் நேரடியாகப் பற்றவைக்கவே கூடாது. சூடு உள்ளே போனால் முடிபோன்ற கம்பிச்சுருள் (காயில்) அறுந்துவிடும்.

ஸ்குரூக்கள் அரை அங்குல இடைவெளியில் வரும். இப்போதைக்குப் பாதி இறுக்கம் போதும்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது முள் பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது. நேரம் போனாலும் பரவாயில்லை, பொறுமையாகச் செய்யுங்கள். புது முள் போட்டும் கடைசிப் பாட்டு கரகரக்கிறது என்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு இங்கேதான்.

இதற்கென்று அளவுத்தாள் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். பேர்வால்ட் என்ற அளவு முறைத் தாளில் நடுத்துளையிலிருந்து 66 மி.மீ. தூரத்திலும் 120.9 மி.மீ. தூரத்திலும் இரண்டு புள்ளிகள் இருக்கும். முள் இந்த இரண்டு இடத்திலும் பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போடும்போது தாளுக்குள் அடங்கட்டும் என்று கம்ப்யூட்டர் தானாகவே சுருக்கிவிடும். 3 சதவீதம் சுருங்கினாலே 120.9 என்பது 117.3 ஆகிவிடும், பார்வைக்கு எதுவும் தெரியாது. "அண்ணா, சுருக்காம நூறு பர்சென்ட்ல போடுங்க" என்று சொல்லியே வாங்குங்கள். வாட்ஸாப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து இரண்டு தூரத்தையும் அளந்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், பிறகு யாராவது எடுத்து உபயோகித்துவிடக் கூடாது.

தாளைச் சுழலச்சில் மாட்டி, மேடை சுற்றாதபடி டேப் ஒட்டுங்கள். முள்ளைத் திரும்ப மாட்டி, கையை இறக்கி, நுனியைச் சரியாகப் புள்ளியில் வையுங்கள். கார்ட்ரிட்ஜின் முன்முகம் கட்டக்கோடுகளோடு இணையாக இருக்கிறதா என்று நேர் முன்னாலிருந்து பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் 0.5 மி.மீ. பென்சில் லெட் ஒன்றை முன்முகத்தில் குறுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். கோணல் பளிச்சென்று தெரியும்.

எங்கே திருத்துவது என்பதற்கு ஒரு வழி உண்டு. இரண்டு புள்ளியிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு கோணலாக இருந்தால் கார்ட்ரிட்ஜைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஒரு புள்ளியில் சரியாகவும் மற்றதில் கோணலாகவும் இருந்தால் முன்னாலோ பின்னாலோ நகர்த்த வேண்டும். இது தெரியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் அசைத்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். சரியானதும் ஸ்குரூக்களை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் ஒரேயடியாக இறுக்கினால் நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 பிளேயர் வைத்திருப்பவர்களுக்குக் குறுக்கு வழி இருக்கிறது: முள் நுனிக்கும் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்துக்கும் 52 மி.மீ. வைத்து, கார்ட்ரிட்ஜை நேராகப் பொருத்தினால் போதும்.

அழுத்தம்

கை தட்டின் நடுப்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். எடைக்கல்லைத் திருப்பி, கை தானாக மட்டமாக மிதக்கும் வரை கொண்டுவாருங்கள். அளவு வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு கல்லோடு சேர்த்து வேண்டிய எடைக்குச் சுற்றுங்கள். வி.எம்.95 இ-க்கு 2 கிராம், 2எம் ரெட்டுக்கு 1.8. ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள்.

வளையத்தின் எண்ணை மட்டும் நம்பாமல், 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துத் தப்புக் கணக்கு காட்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் தட்டில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அந்தத் தராசு வேண்டாம். அளக்கும் இடத்தின் உயரமும் இசைத்தட்டின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தராசு சரியா என்று பார்க்க நான் தெரிந்த பத்தரிடம் 2 கிராம் பித்தளைத் துண்டு ஒன்று நறுக்கி வாங்கி வைத்திருக்கிறேன்.

முள் தாவுகிறது என்று கையின் மேல் காசு வைப்பதை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 2011-இல் வந்த வகை ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய 3.8 கிராம். 2 கிராமில் ஓட வேண்டிய முள் மேல் அதை வைத்தால் அழுத்தம் மூன்று மடங்கு ஆகிறது. தாவுவதற்குக் காரணம் அழுக்கு, மேடை மட்டமில்லாதது, அல்லது ஆன்டி-ஸ்கேட்.

எதை வாங்குவது?

முதல் முறை வாங்குபவருக்கு நான் சொல்வது வி.எம்.95 இ. இந்த வி.எம்.95 வகை முள்களுக்கெல்லாம் கார்ட்ரிட்ஜின் உடம்பு ஒன்றுதான். நாளைக்குக் காசு சேர்ந்ததும் மைக்ரோலைன் முள்ளை மட்டும் வாங்கி மாட்டலாம், அலைன்மென்டைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஸ்குரூவுக்கு மரை உடம்பிலேயே இருப்பதால் குட்டி நட்டுகளோடு போராடவும் வேண்டாம். 2எம் ரெட்டும் நல்லது, அதிலேயே ப்ளூ முள் போகும்.

மைக் செட்டில் வருஷக்கணக்காக ஓடித் தேய்ந்த தட்டுகளுக்கு உருண்டை நுனி கொண்ட வி.எம்.95 சி முள்ளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்ட முள் பழைய காயங்களையெல்லாம் எடுத்துக்காட்டும், உருண்டை முள் அவற்றைக் கொஞ்சம் பொறுத்துப் போகும். 78-க்கு இதே உடம்பில் எஸ்.பி. முள் இருக்கிறது, அதற்கு அதன் தாளில் சொல்லியிருக்கும் எடையை வையுங்கள். பழைய மோனோ தட்டுக்கு ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்துங்கள், பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

பின்சேர்க்கை

ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று சிலர் கேட்டார்கள். ஹெட்ஷெல்லைக் கழற்றி, பின்பக்கப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். பெரும்பாலும் அங்கேதான் களிம்பு பிடித்திருக்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் நான்கு குழல்களையும் பாருங்கள்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் பிளேயரின் கிரவுண்ட் வயர், கார்ட்ரிட்ஜ் கொடுக்கும் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்கும் ஃபோனோ பிரீஆம்பில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சத்தமே மிகக் குறைவாக, கணகணவென்று வந்தால் பிரீஆம்பே இல்லை என்று அர்த்தம். செராமிக்கிலிருந்து காந்தக் கார்ட்ரிட்ஜ் பிளேயருக்கு மாறியவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும், காந்தக் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சில மில்லிவோல்ட்தான்.

ஷ்யூர் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் பெட்டி பிரிக்காத பழைய முள் கிடைத்தது, வாங்கலாமா என்றார். ஷ்யூர் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பெட்டி பிரிக்காவிட்டாலும் உள்ளே கம்பியைத் தாங்கும் ரப்பர் காலப்போக்கில் இறுகிப்போகும். ஜப்பானின் ஜிகோ அதே உடம்புகளுக்குப் புது முள் செய்கிறது. அதையே வாங்கச் சொன்னேன்.