வக்கீல் அல்லாதவர் சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலைக்கு விண்ணப்பிக்க

நான் வேதியியல்காரன், ராணிப்பேட்டைப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு என்று அளந்தவன். அமெரிக்காவில் வெர்மான்ட் சட்டப் பள்ளி (இப்போதைய பெயர் Vermont Law and Graduate School) போன்ற இடங்களில், சட்டம் படிக்காதவர்களுக்கும் சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலை உண்டு. ஓர் இளங்கலைப் பட்டம் வேண்டும். ஆனால் இதை வைத்துக்கொண்டு வக்கீலாக முடியாது.

மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு எல்லாம் வழக்கம்போல்தான். உயிர் இருப்பது, ஏன் படிக்க வருகிறோம் என்று நாமே எழுதும் நோக்க அறிக்கையில். 'சிறு வயது முதலே இயற்கையை நேசித்தேன்' என்று முதலில் எழுதி, நானே கிழித்துப் போட்டேன். அப்புறம், மஞ்சளாக வந்த ஒரு பாட்டில் தண்ணீரைப் பற்றி எழுதினேன். தோல் தொழிற்சாலைகள் மீதான வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்தேன். நான் அளந்த எண் எப்படிச் சாட்சியமாகிறது என்பதே என் கேள்வி.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரை இரண்டு மாதம் முன்பே பிடியுங்கள். கடைசி வாரத்தில் போனை எடுக்கமாட்டார்.