பவர் ஆட்டோமேட் லைசென்ஸ்: 'ஒரே அக்கவுண்டில் ஓட்டிவிடலாம்' என்பவர்களுக்கு

பவர் ஆப்ஸ் என்பது அதிகம் கோட் எழுதாமல் ஆப் செய்ய, பவர் ஆட்டோமேட் என்பது வேலைகளைத் தானாக ஓடவைக்க, இரண்டும் மைக்ரோசாஃப்டின் கருவிகள். இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் ஆப் செய்யச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். லைசென்ஸில்தான், நாங்கள் விழுந்த அதே பள்ளத்தில் வரிசையாக வந்து விழுகிறார்கள். 'மைக்ரோசாஃப்ட் 365 இருக்கிறதே, அதிலேயே எல்லாம் வராதா' என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. ஷேர்பாயிண்ட், அவுட்லுக், எக்செல் மாதிரி ஸ்டாண்டர்டு கனெக்டர்கள் (ஆப்பையோ ஃப்ளோவையோ வேறொரு சேவையோடு சேர்க்கும் இணைப்புகள்) வரும், பிரீமியம் கனெக்டர்கள் வராது, அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு கனெக்டர்தானே

ஆப் முழுக்க ஷேர்பாயிண்ட், ஒரு மூலையில் மட்டும் எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) கனெக்டர் என்றாலும் முழு ஆப்பும் பிரீமியம்தான். செய்தவருக்கு மட்டுமில்லை, திறக்கிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் 2019 அக்டோபரில்தான் பிரீமியமானது, அதற்கு முந்தைய வீடியோவைக் காட்டி வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆப்பின் விவரப் பக்கத்திலேயே எந்த வகை என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சர்வீஸ் அக்கவுண்ட், ஒரு லைசென்ஸ்

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு தொழிற்சாலையில் 200 பேர் விடுப்பு விண்ணப்பத்தை ஷேர்பாயிண்ட் லிஸ்டில் போடுகிறார்கள். புது விண்ணப்பம் விழுந்ததும் ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் செய்து வைத்த, தானாக ஓடும் வேலைத் தொடர்) ஓடி, சம்பளக் கணக்கு இருக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் எழுதுகிறது. ஃப்ளோ சர்வீஸ் அக்கவுண்ட் (தனி ஆளுக்கு இல்லாமல் வேலைக்கென்றே வைத்த பொது அக்கவுண்ட்) பெயரில், அதற்கு ஒரே ஒரு பிரீமியம் லைசென்ஸ். மாதம் 15 டாலரில் முடித்துவிட்டோம் என்று அதைச் செய்த தம்பிக்கு ஏகப்பட்ட பெருமை.

ஃப்ளோ ஓடத்தான் செய்யும், அதுதான் சிக்கலே. சிஸ்டம் தடுக்கவில்லை என்பதால் அனுமதி இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு லிஸ்டையோ பொது அக்கவுண்டையோ வைத்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதற்கு மல்டிபிளெக்ஸிங் என்று பெயர், அதனால் தேவைப்படும் லைசென்ஸ் குறையாது என்று மைக்ரோசாஃப்ட் தன் லைசென்ஸ் வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. அந்த லிஸ்டில் எழுதுகிற 200 பேரும் கணக்கில் வருவார்கள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது விஷயம் வெளியே வந்தது. அப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். பயந்துபோய் 200 பேருக்கும் பட்டியல் விலையில் லைசென்ஸ் வாங்கக் கிளம்பிவிட்டார்கள், அதாவது மாதம் 3,000 டாலர். பவர் ஆட்டோமேட் பிராசஸ் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது: அது ஆளுக்கு இல்லை, அந்த ஃப்ளோவுக்கே போடுவது, பட்டியல் விலை மாதம் 150 டாலர். எத்தனை பேர் லிஸ்டில் எழுதினாலும் கேள்வி இல்லை. ஐந்து பேர்தான் என்றால் ஆளுக்கு ஒன்று வாங்குவதே மலிவு, பத்தைத் தாண்டினால் கணக்கு மாறிவிடும். ஃப்ளோவை வடிவமைக்கும் அன்றே ஐந்து நிமிடம் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இது! யாரும் போடுவதில்லை. ஒன்று மட்டும்: இது ஃப்ளோவுக்கான வழி, பிரீமியம் ஆப்பைத் திறப்பவர்களுக்கு இது உதவாது.

டெவலப்பர் பிளானில் நிஜ வேலை

கூடாது. அது செய்து பார்க்கவும் சோதிக்கவும் மட்டும்.

வேலையை விட்டுப் போனவர் பெயரில் ஃப்ளோ

அவர் அக்கவுண்டை மூடினால் அவருடைய கனெக்‌ஷன்கள் செத்துவிடும், லைசென்ஸும் போய்விடும். போகும் முன்பே இன்னொருவரை உரிமையாளராகச் சேர்த்து, கனெக்‌ஷன்களையும் அவர் பெயரில் மாற்றிவிடுங்கள்.