கிணற்றுக்கும் வால்வுக்கும் நடுவே 600 மீட்டர் கேபிள்

எங்கள் தோப்பில் கிணறு ஒரு மூலை, தண்ணீர் பிரிக்கும் வால்வு எதிர் மூலை. வால்வு திறந்த பிறகுதான் மோட்டார் ஓட வேண்டும். போன கோடையில் அது தலைகீழாக நடந்து, பிவிசி ஜாயின்ட் பிய்த்துக்கொண்டது. இரண்டு மூலையிலும் ஒரு பெட்டி, உள்ளே ஆர்டுயினோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டு; நடுவே தகவல் போக ஆர்எஸ்-485 கேபிள். அதை மோட்டார் ஒயரோடு ஒரே குழியில் புதைத்தது என் சோம்பேறித்தனம். ஸ்டார்ட்டர் அடிக்கும்போதெல்லாம் கேபிளில் போகும் பிட் (0 அல்லது 1) கெடும்.

கட்டளைகளுக்கு 1, 2, 3 என்று எண் வைக்காதீர்கள். பிட்டாக எழுதினால் 1 (01), 3 (11) இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். நான் வைத்தவை இவை:

திற – 10101101
மூடு – 01001010
ஓடு – 10110010
நிறுத்து – 01010101

எந்த இரண்டை எடுத்தாலும் குறைந்தது 5 பிட் வேறுபடும். எதிரெதிர்க் கட்டளைகளுக்கு 6. கணித அறிஞர் ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் எழுதிய கணக்குப்படி 2 பிட் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் திருத்தக் கூடாது. ‘நிறுத்து’ 2 பிட் கெட்டு வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘ஓடு’ ஒரு பிட் மாறியிருந்தாலும் தூக்கிப்போடுங்கள். மோட்டார் சும்மா நின்றால் எனக்கு நடைதான் கூடுதல். சும்மா ஓடினால் பைப் செலவு.

செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குச் சுமார் 0.1 மில்லிசெகண்ட்தான். ஸ்டார்ட்டர் பொறி 5 மில்லிசெகண்ட் நீடித்தாலே கிட்டத்தட்ட 50 பிட் போச்சு. அதனால் ஒரே சொல்லை 200 மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று முறை அனுப்புங்கள். ‘ஓடு’ மட்டும் இரண்டு முறையாவது அப்படியே பொருந்த வேண்டும்.

சரி, ‘திற’ போய்ச் சேர்ந்ததா? பதில் கேட்டால், அந்தப் பதில் சேர்ந்ததா என்று இன்னொரு பதில் வேண்டும். இதற்கு முடிவே இல்லை என்று 1975-லேயே காட்டிவிட்டார்கள். நான் அந்த வழியை விட்டுவிட்டேன். வால்வு திறந்திருக்கும்வரை அந்தப் பெட்டி 10 செகண்டுக்கு ஒருமுறை ‘ஓடு’ சொல்லும். 30 செகண்ட் அது காதில் விழாவிட்டால் மோட்டார் தானே நின்றுவிடும். ‘மூடு’ வந்தால் வால்வுப் பெட்டி முதலில் ‘நிறுத்து’ அனுப்பும். அப்புறம் ‘ஓடு’ சொல்லாமல் 40 செகண்ட் காத்திருந்துதான் மூடும். ‘நிறுத்து’ வழியில் தொலைந்திருந்தாலும் அதற்குள் மோட்டார் அடங்கியிருக்கும்.

மோட்டார் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கி எண்ணிப் பாருங்கள். முப்பதுக்குள் நிற்கவில்லையென்றால் அந்த 30 செகண்ட் டைமர் எங்கோ தவறாக ரீசெட் ஆகிறது. எனக்குக் குப்பை பைட் (கட்டளை எதற்கும் பொருந்தாத 8 பிட்) வந்தாலும் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது.