ரெட்டைத் தோட்டா ரிவால்வர்: டல்லாஸில் வைத்துக்கொள்ளலாம், கடையத்துக்கு வராது

போன மாசியில் தென்காசிப் பக்கம் கடையத்தில் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்த அக்கா மகன் போனை நீட்டி ஒரு படம் காட்டினான். டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறான், கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. "மாமா, இதுல ரிவால்வர் தோட்டாவும் போடலாம், ஷாட்கன் தோட்டாவும் போடலாம். நம்ம வயக்காட்டுக்கு ஒண்ணு கொண்டாந்துரட்டுமா?" பந்தியில் பக்கத்து இலையில் இருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பன்னிக்குத் தோதா இருக்குமே வே" என்றார். அப்பா காலத்து ரெட்டைக்குழல் ஷாட்கனை ('பன்னிரண்டு போர்' என்ற குழல் அளவு) லைசென்ஸோடு வைத்திருப்பவன் நான்தான் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சாம்பார் ஆறிப்போகும் வரை சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்குப் பாதி, ஊரில் இருக்கிறவர்களுக்கு மீதி.

முதலில் சாமான் என்னவென்று பார்ப்போம். பிரேசில் கம்பெனியான டாரஸ் செய்யும் 'ஜட்ஜ்'தான் இந்த வகையில் பெயர்போனது. மியாமியில் சில நீதிபதிகள் கோர்ட்டில் தற்காப்புக்கு இதை வாங்கினார்கள், அதனால் இந்தப் பெயர் என்று கம்பெனி சொல்கிறது. சிலிண்டரில் ஐந்து அறை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2011இல் கொண்டுவந்த 'கவர்னர்' இதே ஜாதிதான், அதில் ஆறு. இரண்டிலும் .410 ஷாட்கன் தோட்டாவும் (ஒற்றைக் குண்டுக்குப் பதில் பல ரவைகள் அடைத்தது) போகும், ஒற்றைக் குண்டு இருக்கும் .45 கோல்ட் தோட்டாவும் போகும். கோல்ட் என்றால் தங்கமில்லை, துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர். 1873இலிருந்து இருக்கிற தோட்டா அது.

இரண்டும் எப்படி ஒரே அறையில் உட்காருகின்றன? .410 என்பது அந்த ஷாட்கன் குழலின் உள்வாய் அளவு, அங்குலக் கணக்கில். தோட்டாக் கூட்டின் வெளிவிட்டத்தைப் பார்த்தால் இரண்டுமே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். வித்தியாசமெல்லாம் நீளத்தில்தான். .45இன் கூடு ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, .410 இரண்டரை அங்குலம், சிலது மூன்று. அதனால் அறையை .410க்காக நீளமாகக் கடைந்துவிட்டால் சின்னதும் அதிலேயே உட்கார்ந்துகொள்ளும். கேட்கும்போது எளிதாக இருக்கிறது. இதன் கோளாறு எல்லாம் பிறப்பதும் அந்த நீளத்தில்தான்.

ஒன்று, .45 குண்டு கூட்டை விட்டுக் கிளம்பி, காலி அறையில் ஒரு அங்குலத்துக்கு மேல் தாவித்தான் குழலின் வரிப்பள்ளத்தைப் பிடிக்கிறது. குறியில் அது தெரியும். இரண்டு, குழலுக்குள் திருகு வரி போட்டிருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி அந்தத் திருகு வரி இருப்பதால்தான் இது கைத்துப்பாக்கிக் கணக்கில் வருகிறது, வழவழப்பாக இருந்தால் வேறு வகையாகி தனிப் பதிவு என்று தலைவலி. ஆனால் பொடி ரவையை அந்த வரி சுழற்றிவிடுகிறது. சுழன்று வெளியே வரும் ரவை, தண்ணீரில் நனைந்த நாய் உடம்பை உதறியது மாதிரி சிதறிப்போகும்.

இதை நேரிலேயே பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் டல்லாஸுக்கு நான் போனபோது மருமகன் சுடும் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். விசிட் விசாக்காரன் துப்பாக்கியைக் கையில் வாங்குவதே அவர்கள் சட்டப்படி குற்றம் ஆகலாம் என்பதால் காதடைப்பானை மாட்டிக்கொண்டு பின்னால் நின்றதோடு சரி. ஏழு கஜத்தில் காகிதம். பொடி ரவை போட்ட தோட்டாவை முதலில் விட்டான். அத்தனை பெரிய காகிதத்தில் ஓரமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள், நடுவில் ஒரு கை வைக்கிற இடத்துக்குப் புள்ளியே இல்லை. அடுத்து நாலு பெரிய குண்டு இருக்கும் தோட்டா. அந்த நாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. மூன்றாவதாக .45. அது குழிப்பணியாரக் குழி மாதிரி ஒரே ஓட்டை. வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது இரண்டு பிளாஸ்டிக் கூடு ஊதிப்போய் அறையில் சிக்கிக்கொண்டன, நகத்தால் நெம்பித்தான் எடுத்தான். ஆபத்து நேரத்தில் இப்படிச் சிக்கினால் நெம்பிக்கொண்டிருக்க முடியாது என்பதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, அமெரிக்காவில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசாவை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் கூடாது. ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அந்த ஓட்டை வழியாகத் தலையை நுழைக்கும் முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. 21 வயது நிறைந்தவர், தான் குடியிருக்கும் மாநிலத்துக் கடையில், 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். படிவத்தில் பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். கிரீன் கார்டுக்காரர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டை விட்டே அனுப்பிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியாவில் இந்த ரிவால்வரைக் குட்டைக்குழல் ஷாட்கன் என்று கணக்கு வைப்பதால் அங்கே கிடையாது. டெக்சாஸில் வாங்கிவிட்டு வேலை மாறிக் கலிஃபோர்னியா போகிறவர்கள் இதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

வாங்கியாயிற்று என்றால், அப்புறம் எந்தத் தோட்டா அதற்குள் போகக்கூடாது என்பதுதான் பாடம். .454 கசூல் என்று ஒரு தோட்டா இருக்கிறது. .45 கோல்ட்டின் அண்ணன், பல மடங்கு அழுத்தம். சாதாரண .45 ரிவால்வரில் தவறிப் போட்டாலும் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்றே அதைக் கொஞ்சம் நீளமாகச் செய்தார்கள். ஆனால் ஜட்ஜின் அறைதான் நீளமாயிற்றே, சமத்தாக உள்ளே போய்விடும். சுட்டால் சிலிண்டர் வெடித்துக் கையைப் பதம் பார்க்கும். அதற்கென்று வலுவாகச் செய்த 'ரேஜிங் ஜட்ஜ்' வேறு, இது வேறு. அதேபோல இரண்டரை அங்குல அறைக்கு மூன்று அங்குலத் தோட்டா வேண்டாம். கவர்னரில் .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவை ஒரு வளையத்தில் கோத்துப் போடலாம், ஜட்ஜில் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் .410 ஷாட்கன் வைத்திருந்தால் அதில் .45ஐ ஒருநாளும் போட்டுப் பார்க்காதீர்கள், குண்டு குழலை விடப் பெரியது. குழல் பக்கவாட்டில் என்ன முத்திரை குத்தியிருக்கிறதோ அதுதான் வேதம். தோட்டாக்களைக் கலந்து ஒரே டப்பாவில் போடாதீர்கள், நம் வீட்டில் உப்பையும் சீனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாள் காப்பியில் உப்பைப் போடுகிற கதைதான்.

எந்தத் தோட்டாவை நிறைத்து வைப்பது என்று கேட்டால், பொடி ரவையை நம்பாதே என்றுதான் அவனிடம் சொன்னேன். நாலு அடி தூரத்துப் பாம்புக்குச் சரி, வீட்டுக்குள் நுழைந்த மனிதனை அது நிறுத்தும் என்று சொல்ல முடியாது. .45ஐ விட்டால் அங்கத்திய அட்டைச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக் கட்டிலுக்குப் போகும். முதலில் வீட்டின் வரைபடத்தை மனதில் போட்டு, பிள்ளைகள் எந்தச் சுவருக்கு அந்தப்புறம் தூங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவையும் பிளாஸ்டிக்கும் போன குழலில் அழுக்குப் படியும். அதைத் துடைக்காமல் .45 விடுவதும் நல்லதில்லை.

இனி ஊர்க் கதை. கொண்டுவர முடியாது, சுருக்கம் அவ்வளவுதான். தனிநபர் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை 1980களிலேயே அடைத்துவிட்டார்கள், பெயர்பெற்ற போட்டி வீரர்கள் மாதிரிச் சிலருக்குத்தான் சலுகை. லீவுக்கு வருகிறவன் பெட்டியில் சேலைக்கு நடுவே சுருட்டி வைக்கிற சாமான் இல்லை இது. துப்பாக்கியை விடுங்கள், சுடும் திடலுக்குக் கொண்டுபோன அதே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள், பக்கவாட்டுப் பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஆயுதச் சட்ட வழக்குதான். கிளம்பும் முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள்.

நம்மூரில் முறையாக என்ன வைத்திருக்கலாம்? 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள், இந்த இரண்டும்தான் அடிப்படை. சட்டத்தின் 13ஆம் பிரிவில், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி என்றால் ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று அங்குலக் குழல் ரிவால்வர் அந்த இடத்தில் எப்படி உட்காரும்? நீளக்குழலை வாங்கி அறுத்துக்கொள்ளலாம் என்று எந்தப் பட்டறைக்காரராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், குழலைக் குறுக்குவது தனிக் குற்றம். ரிவால்வர்தான் வேண்டும் என்றால் கான்பூரில் செய்யும் .32 இருக்கிறது. அதற்கு உயிருக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும், 'எல்லாரும் வைத்திருக்கிறார்கள்' என்பது காரணமாகாது.

விண்ணப்பம் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வழியாகப் போகும் (கடையம், தென்காசிப் பக்கம் என்றால் 2019இல் பிரிந்ததிலிருந்து தென்காசி கலெக்டர்). படிவம் ஏ1, மனநலமும் சேர்த்த மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், வரப்புத் தகராறு இருந்தால் அது அன்றைக்குத்தான் வெளியே வரும். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் ஐந்து வருடம், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. முடிகிற தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேர்தல் தேதி அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். ஒப்படைக்கும்போது எண், கட்டையில் இருக்கும் கீறல் எல்லாம் எழுதி ரசீது வாங்குங்கள். ஒரு தடவை எனக்குத் திரும்பி வந்தபோது குழலுக்குள் செம்மண் நிறத்தில் துரு. யாரைப் போய்க் கேட்பது?

பன்றி விஷயம். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட முடியாது. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு சொன்னது, ஆனால் சுடுவது வனத்துறை. ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கிற நம்மில் பலருக்கு இதனால் லாபமில்லை, வயிற்றெரிச்சல்தான். அதற்காக அவுட்டுக்காய் (பன்றி கடித்தால் வெடிக்கிற நாட்டு வெடி), நாட்டுத் துப்பாக்கி என்று இறங்கினால் பன்றி போகும், கூடவே வீடும் நிலமும் போகும். நல்லபாம்பு, கண்ணாடி விரியனும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை, அடிக்கவே கூடாது, தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். கோயில் கொடைக்கு வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு என்று மச்சான்மார் கேட்பார்கள். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூடக் கிடைக்கலாம். நான் சாவியைக் காட்டுவதே இல்லை.

அப்பா துப்பாக்கியை ஒரு பீரோவிலும் தோட்டாவை இன்னொரு பீரோவிலும் வைப்பார், இரண்டாவது சாவி அம்மா இடுப்பில். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைத் தோட்டா ஈரம் குடித்து உப்பிவிடும், அறைக்குள் போகாது. போனாலும் சில நேரம் விசையை இழுத்ததும் 'டிக்' என்பதோடு நின்றுவிடும். அப்படி நின்றால் குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்து அரை நிமிடம் அசையாமல் இருங்கள், மருந்து தாமதமாகப் பிடிக்கலாம். தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து இரும்புக்குக் கொடுக்கும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அது நாளடைவில் கெட்டுப்போகும், துப்பாக்கி எண்ணெயே வாங்குங்கள்.

மருமகனுக்கு எல்லாம் கேட்ட பிறகும் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. சும்மா அனுப்ப வேண்டாம் என்று ஒரு வேலை கொடுத்தேன்: பன்னிரண்டு போருக்கு ஏற்ற வெண்கலக் குழல் பிரஷ். அங்கே சில டாலர்தான், கஸ்டம்ஸில் யாரும் ஏறிட்டும் பார்க்கப் போவதில்லை. ஆடியில் வரும்போது கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான்.