அறிவித்தலுக்கு முன்பே கோப்பு: கொழும்பில் தாதியியல் படிப்போருக்கான வழிகாட்டி

புலமைப்பரிசில், ஆய்வு மாநாடு, அரச நியமனம், வெளிநாட்டுப் பதிவு என்று எதுவானாலும், அறிவித்தல் வெளியாகி முடிவுத் திகதி வரை கிடைப்பது பெரும்பாலும் மூன்று நான்கு வாரம்தான். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பித்து, பெறுபேற்றைச் சான்றுப்படுத்தி, பீடத்தில் கடிதமும் எடுக்க அந்தக் காலம் போதாது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்க முடியாமல் போகிறவர்களில் பலர் இப்படித்தான் தவறவிடுகிறார்கள். அறிவித்தல் பகிரும் வட்ஸ்அப் குழுக்களுக்குக் குறைவில்லை. குறைவது தயாரான கோப்புத்தான். அதை இரண்டாம் வருடத்திலேயே தொடங்குங்கள்.

முதலில் பெயர்

தமிழ் மாணவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது இதுதான். தமிழில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்காது. பள்ளிக்கூடத்தில் யாரோ எழுதியது ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. ‘தர்ஷினி’யின் ‘த’வுக்கு ஓரிடத்தில் ‘டி’ மட்டும் இருக்கும், மற்றோரிடத்தில் ‘டிஎச்’ இருக்கும். தகப்பன் பெயர் பல்கலைக்கழகப் பதிவில் ஓரெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுதாகவும் வரும். வெளிநாட்டுப் படிவத்திலோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள். அமெரிக்காவில் தாதியாகப் பதிவதற்கான என்கிளெக்ஸ் பரீட்சை மண்டபத்தில் பதிவிலுள்ள பெயர் கடவுச்சீட்டோடு ஒத்துவராவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய காசும் போய்விடும்.

கடவுச்சீட்டு, அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழகப் பதிவு ஆகிய நான்கையும் மேசையில் விரித்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்ற ஆவணங்களைப் பார்த்து அதே எழுத்துக்கூட்டலில் எடுக்கலாம். பல்கலைக்கழகப் பதிவில் திருத்தம் வேண்டுமானால் பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் பதிவாளர் கிளைக்குக் கடிதம் கொடுங்கள், அதற்குப் பிறகு பெரும்பாடு. ‘இரு பெயரும் ஒருவரே’ என்ற சத்தியக் கடதாசி உள்ளூரில் எடுபடலாம், ஆனால் வெளிநாட்டுத் தாதியர் சபைகளும் ஏற்கும் என்று நம்பி அதோடு நின்றுவிடாதீர்கள்.

கடதாசிகள்

பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் நான்காவதாக ஓர் எழுத்துக்கூட்டல் பிறக்கும். உயர்தரப் பெறுபேற்றின் ஆங்கிலப் பிரதி பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் கிடைக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புவதைப் பத்தரமுல்லை சுஹுருபாயவிலுள்ள வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுப்படுத்த வேண்டும். ஆவணத்தை வழங்கிய நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் முதலில், கொன்சியூலர் முத்திரை அதன் பிறகு. வரிசையை மாற்றிப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

சான்றிதழ் எதையும் லமினேட் செய்யாதீர்கள். பழுதாகக் கூடாது என்று வீட்டில் அக்கறையாகச் செய்துவிடுவார்கள், பிறகு அதில் முத்திரை குத்த இடமிருக்காது. ஸ்கேன் எடுப்பதானால் நிறத்தில், 300 டிபிஐயில், முன்பக்கமும் பின்பக்கமும் எடுங்கள். பின்பக்கத்து முத்திரையை விட்டுவிட்டு அனுப்பித் திரும்பி வருவது சாதாரணமாக நடக்கிறது.

பயிற்சி மணித்தியாலங்கள்

நமது டிரான்ஸ்கிரிப்ட்டில் பாடமும் கிரெடிட்டும் தரமும் இருக்கும், மணித்தியாலம் இருக்காது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலம். ஆனால் அதில் விரிவுரை எவ்வளவு, வோர்ட்டில் நின்றது எவ்வளவு, சொந்தப் படிப்பு எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்கத் தாதியர் சபைகளுக்காகத் தகைமையை மதிப்பிடுவோர் வளர்ந்தோர், மகப்பேறு, சிறுவர், மனநலம் என்று நான்கு துறைக்கும் விரிவுரை மணித்தியாலமும் மருத்துவமனைப் பயிற்சி மணித்தியாலமும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஒரு துறையில் பயிற்சி மணித்தியாலம் வெறுமையாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே தங்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு பயிற்சிச் சுற்று முடிந்ததும், லேடி ரிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையோ காசல் வீதி மகளிர் மருத்துவமனையோ அங்கொடை மனநல நிறுவகமோ, பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அன்றே படம் எடுங்கள். வோர்ட் எண், தொடங்கிய முடிந்த திகதி, மொத்த மணித்தியாலம், பொறுப்பாளரின் பெயர், கையொப்பம், இறப்பர் முத்திரை ஆறும் தெளிவாகத் தெரிய வேண்டும். முத்திரை இல்லாத கையொப்பத்தை நான்கு வருடம் கழித்து யாருடையதென்று தேட முடியாது. அந்தச் சிஸ்டர் மாற்றலாகிப் போயிருப்பார். மனநலமும் சமூகத் தாதியியலும் குறுகிய சுற்றுகள் என்பதால் அவற்றில்தான் கையொப்பம் விடுபடுகிறது. இறுதி வருடத்தில் பாடத்திட்டத்தின் முழுப் பிரதியைப் பீடத்திடம் கேட்டு வாங்கி வையுங்கள். மதிப்பீட்டு நிறுவனங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாகவே ஏற்கும். நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது.

ஆய்வுச் சுருக்கம்

மாணவராக இருக்கும்போதே கைக்கு எட்டுகிற வாய்ப்பு இது. இறுதி வருட ஆய்வை எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள், அதையே மாநாட்டுக்கும் அனுப்பலாம். ஆனால் நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு சேகரிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்குவது என்ற பேச்சே கிடையாது. தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கேட்பார்கள். (குழுவில் இருக்கும் ஒரேயொரு தமிழ் மாணவியின் தலையில் முழு மொழிபெயர்ப்பும் விழுவது வழக்கம். ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிட வேண்டும், ஆகவே இது எப்படியும் ஒருவர் வேலையல்ல.)

சுருக்கம் பொதுவாக 250 முதல் 300 சொல்லுக்குள் இருக்கும்: பின்னணி, நோக்கம், முறை, முடிவு, தீர்மானம். புதியவர்கள் பின்னணிக்கே பாதியைச் செலவழிக்கிறார்கள். இரண்டு வாக்கியம் போதும், இடத்தை முடிவுகளுக்குக் கொடுங்கள். ‘பெரும்பாலானோர் சரியான கை கழுவும் முறையை அறிந்திருந்தனர்’ என்பதில் மதிப்பிட எதுவுமில்லை. ‘120 பேரில் 78 பேர் (65%) எல்லாப் படிகளையும் சரியாகக் குறிப்பிட்டனர்’ என்று எழுதினால் அது முடிவு. புள்ளிவிபர மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ், முடிவின் புள்ளிவிபர முக்கியத்துவத்தைக் குறிக்கும் பி மதிப்பைத் திரையில் 0.000 என்று காட்டும். அதை அப்படியே எழுதாமல் 0.001 இலும் குறைவு என்று எழுதுங்கள், பூச்சியம் என்பது அங்கே மூன்று தசமத்துக்குச் சுருக்கியதால் வந்த தோற்றம் மட்டுமே. ஒரே தடவை வினாக்கொத்து நிரப்பிய ஆய்வில் ‘பயிற்சியால் அறிவு கூடியது’ என்று தீர்மானம் எழுதக்கூடாது, தொடர்பு காணப்பட்டது என்பதோடு நிறுத்த வேண்டும். ‘முடிவுகள் மாநாட்டில் அறிவிக்கப்படும்’ என்ற வரி இருந்தால் நிராகரிப்பு அநேகமாக உறுதி.

இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் டொலரில் கட்டணம் கேட்கும் சஞ்சிகைகளை விட்டுத் தள்ளுங்கள். உள்நாட்டுச் சஞ்சிகைகளைத் தேட, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் நல்ல இடம்.

ஆங்கிலமும் பதிவுப் பரீட்சைகளும்

ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைகளான ஐஇஎல்டிஎஸ், சுகாதாரத் துறையினருக்கான ஓஇடி இரண்டும் இரண்டு வருடத்துக்கே செல்லும். மூன்றாம் வருடத்தில் எழுதிவிட்டால் பட்டமும் தாதியர் சபைப் பதிவும் கைக்கு வரும்போது அது காலாவதியாகிவிடும். பயிற்சியை இப்போது தொடங்கலாம், பரீட்சைக் கட்டணத்தை இறுதிப் பரீட்சைக்குப் பிறகு கட்டுங்கள். பிரித்தானியத் தாதியர் சபை ஐஇஎல்டிஎஸில் கேட்டல், வாசித்தல், பேசுதலுக்கு 7உம் எழுதுதலுக்கு 6.5உம் கேட்கிறது. ஓஇடியில் முதல் மூன்றுக்கும் பி தரம், எழுதுதலுக்குச் சி பிளஸ். வோர்ட் பேச்சுப் பழகியவருக்கு ஓஇடி இலகு என்பது எமது கணிப்பு. அதன் எழுத்துப் பகுதி 45 நிமிடம், முதல் 5 நிமிடம் வாசிக்க மட்டும். கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொல். நோயாளிக் குறிப்பில் உள்ளதையெல்லாம் அள்ளிக் கொட்டுபவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். கடிதத்தைப் பெறுபவர் வீட்டுக்குச் சென்று காயம் கட்டும் தாதியென்றால், பத்து வருடத்துக்கு முந்திய குடல்வால் சத்திரசிகிச்சை அவருக்கு எதற்கு?

பிரித்தானியத் தாதியர் பதிவுக்கான கணினிப் பரீட்சையின் முதற்பகுதி 30 நிமிடத்தில் 15 மருந்துக் கணக்கு. விடை தெரிவு கிடையாது, எண்ணை நீங்களே இட வேண்டும். 1 லீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில், 20 துளிக்கு 1 மில்லிலீற்றர் செட்டில் (சேலைன் ஏற்றும் குழாயில்) ஏற்றுவதென்றால் 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. அதையே 60 துளி செட்டில் போட்டால் 125. வோர்ட்டில் ஒவ்வொரு சேலைன் மாற்றும்போதும் மனதில் போட்டுப் பாருங்கள், தனி வகுப்பு வேண்டியதில்லை.

என்கிளெக்ஸ் 85 முதல் 150 கேள்வி, 5 மணித்தியாலம். இங்கிருந்து போகிறவர்களுக்குச் சென்னை, பெங்களூர் நிலையங்கள் கிட்ட. இந்திய விசாவுக்கான நாளையும் கணக்கில் சேருங்கள்.

வர்த்தமானி

அரச பதவிகளுக்கு வெள்ளிக்கிழமை வெளியாகும் அரச வர்த்தமானியின் பதவிகள் பகுதியைப் பாருங்கள், தமிழிலும் வரும். வயது கணக்கிடும் திகதி, பதவியின் பெயரைக் கடித உறையின் இடது மேல் மூலையில் எழுதச் சொல்வது, பதிவுத் தபால் மட்டும் என்பது போன்ற சிறு நிபந்தனைகளில்தான் விண்ணப்பங்கள் கழிகின்றன. நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கும், ஏற்கெனவே அரச சேவையிலுள்ள தாதியர் தம் நிறுவனத் தலைவர் ஊடாகவே அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

முகவர்கள்

வெளிநாட்டு வேலை என்று வரும் எந்த விளம்பரத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம். அது இப்போதும் செல்லுபடியாகிறதா என்று பணியகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள், அல்லது 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பிரித்தானிய ஆட்சேர்ப்பு விதிக்கோவைப்படி வேலை தேடித் தருவதற்குத் தாதியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ‘இடம் பிடித்து வைக்க’ முற்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழையோ கடவுச்சீட்டையோ ‘சும்மா பைலுக்கு’ என்று கேட்டால் பிரதி கொடுங்கள், அதன் குறுக்கே எந்த நோக்கத்துக்கு என்று திகதியோடு எழுதி.